மூன்றாம் ஊசியை எங்கே வைப்பது

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜோடி காலணியாகத்தான் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் கேட்டு நான் நெளிய வேண்டாம்.

வலது தோள் வலிக்காக ஓர் அக்குபங்சர் நிலையத்தில் என் முறை வரக் காத்திருந்தேன். சிகிச்சை அறைக்கும் எங்களுக்கும் நடுவில் சுவர் கிடையாது. பச்சைத் திரை ஒன்றுதான், அதுவும் தரையைத் தொடாது. திரைக்குக் கீழே இரண்டு கான்வாஸ் காலணிகள் தெரிந்தன. ரப்பர் அடி, நடந்தால் சத்தம் வராத வகை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரு விக்கல் வந்துகொண்டிருந்தது.

நீங்களும் நானும் ஒரு டம்ளர் தண்ணீரில் முடித்துவிடுகிற விக்கல் அல்ல. சுவர்க் கடிகாரத்துக்கே பாடம் எடுக்கிற ஒழுங்கு அதற்கு. காத்திருந்தவர்கள் முதலில் சிரித்தோம். பிறகு எரிச்சல்பட்டோம். பிறகு எங்களுக்கே தெரியாமல் அதன் தாளத்துக்கு மூச்சுவிட ஆரம்பித்தோம்.

அப்புறம் அது நின்றுவிட்டது.

ஒரு சத்தம் நிற்பதும் ஒரு சத்தம்தான். அறையில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். திரையின் ஓரத்தில் ஒரு பெண்ணின் கை மட்டும் மேலே எழுந்தது, விரல்கள் விரிந்து, நாற்சந்தியில் வண்டிகளை நிறுத்துகிற மாதிரி. எதற்கென்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவரும் அசையவில்லை.

இவ்வளவுதான் நான் கண்டதும் கேட்டதும். (இன்னும் கொஞ்சம் உண்டு. அதை 4இல் வைத்திருக்கிறேன்.) மீதியெல்லாம் நான் கட்டியது. கட்டும்போது எங்கே சுவர் கோணுகிறது என்று நீங்கள் நின்று பார்க்கலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

2

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

அவருக்கு விக்கல் தொடங்கிய அன்று மழை விடாமல்—

வேண்டாம். மழைக்கும் விக்கலுக்கும் சம்பந்தமே இல்லை. மழையைப் போட்டால் கதை தானாக ஆழமாகிவிடும் என்ற நப்பாசை.

உதரவிதானம் என்பது நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையே—

இது பாடப்புத்தகம். ஆனால் இதைச் சொல்லாமல் விட மாட்டேன், கொஞ்சம் பொறுங்கள்.

அவர் வேலையே சத்தம் போடாமல் இருப்பதுதான்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

அவர் வேலையே சத்தம் போடாமல் இருப்பதுதான். படப்பிடிப்பில், நீளமான கம்பின் நுனியில் மைக்கை மாட்டி, நடிப்பவர்களின் தலைக்கு மேலே, கேமராவின் கண்ணில் படாமல் பிடித்துக்கொண்டு நிற்பவர். கை நடுங்கினால் அந்த நடுக்கம் கம்பு வழியாக மைக்குக்குப் போய்ச் சேரும். துணி உரசினால் கேட்கும். தும்மல் வந்தால் விழுங்க வேண்டும். தலைமுடி அவருக்கு அப்படி ஓர் அடர்த்தி. உள்ளே போன சீப்பு முழுசாகத் திரும்பி வருமா என்று பார்ப்பவர் கவலைப்படுகிற சுருட்டை. படக்குழுவில் அவருக்குப் பெயரே புதர்தான். (முடி என் கற்பனை. அவரில் நான் பார்த்தது காலணி மட்டும். முடி எதற்குத் தேவைப்பட்டது என்று சீக்கிரமே தெரிந்துவிடும்.)

அந்த மைக்கிலிருந்து புறப்படும் கம்பியின் மறுமுனையில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார், மடியில் ஒலிப்பதிவுக் கருவி, தலையில் ஹெட்ஃபோன். குழுவில் எல்லோருக்கும் அவர் காது அக்கா. பக்கத்துக் கட்டடத்தில் குழாய் சொட்டினால் இங்கிருந்து சொல்லிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் சேர்ந்தேதான் வேலைக்குப் போகிறார்கள். ஒருவர் தூக்குவார், ஒருவர் கேட்பார்.

3

விக்கல் ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது வந்தது. மத்தியானம் போகவில்லை. அந்த வாரமே போகவில்லை.

இப்போது உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில், கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு தசை இருக்கிறது. அதுதான் உதரவிதானம். அது கீழே இறங்கினால் நுரையீரலுக்கு இடம் கிடைத்துக் காற்று உள்ளே வரும். மேலே ஏறினால் காற்று வெளியே போகும். எப்போதாவது, அதற்கு உத்தரவு கொண்டுவரும் நரம்பு எதனாலோ சீண்டப்பட்டால், தசை கேட்காமலே ஒரு சொடுக்குச் சொடுக்கிக்கொள்கிறது. காற்று உள்ளே பாய்கிறது. பாய்ந்த மறுகணமே தொண்டையில் குரல் நாண்கள் படீரென்று சாத்திக்கொள்கின்றன. வருகிற காற்றின் முகத்தில் கதவு அடிபடுகிற சத்தம்தான் விக்கல். கூப்பிட்டது ஓர் ஆள், கதவைச் சாத்தியது வேறோர் ஆள், இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எதற்காக இப்படி ஓர் ஏற்பாடு என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. புதருக்குப் பிடிக்கவில்லை.

தெரிந்த வைத்தியம் எல்லாம் ஆனது. மூச்சை அடக்கிப் பார்த்தார். சர்க்கரை விழுங்கினார். குனிந்துகொண்டு டம்ளரின் அந்தப் பக்க விளிம்பில் தண்ணீர் குடித்துச் சட்டையை நனைத்துக்கொண்டார். மேக்கப்காரர் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பயமுறுத்தினார். பயந்து தட்டைப் போட்டவர் காபி கொண்டுவந்தவர்.

"உங்கள யாரோ நினைக்கிறாங்க," என்றார் காது அக்கா. "யாருன்னு சொல்லிடுங்க. நானே போய் வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்."

"என்னை—ஹிக்—யாரு நினைக்கப் போறா?"

"அதான் கேக்குறேன். இத்தனை நாள் விடாம நினைக்கிறதுன்னா அது சாதாரண ஆசை இல்லையே."

டாக்டர் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார், மாத்திரை கொடுத்தார். மாத்திரைக்கு விக்கல் அசைந்துகொடுக்கவில்லை. புதர்தான் அசைந்துகொடுத்தார். கம்பைப் பிடித்து நின்றபடியே அவர் கண்ணயர்ந்துவிட, மைக் மெதுவாகக் கதாநாயகன் தலையில் போய் உட்கார்ந்தது.

(என் தங்கை நர்ஸ். என் கதைகளை அச்சுக்கு முன்னால் படிப்பவள் அவள் ஒருத்திதான். இந்த இடத்தில் ஓரமாக எழுதியிருக்கிறாள்: "அண்ணா, ரெண்டு நாளுக்கு மேல விக்கல் நிக்கலன்னா முதல்ல டாக்டர்கிட்டதான் போகணும். அவரை நேரா ஊசிக்கு அனுப்பிடாத." அனுப்பவில்லை, பார்த்துக்கொள்.)

விக்கலோடு ஒப்பேற்றியிருக்கலாம். வசனங்களுக்கு நடுவில் விழுகிற விக்கலை வெட்டி எடுக்க முடியும். ஆனால் படத்தில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு காட்சி. நடிகை இந்தப் படத்துக்காகவே இடுப்பு வரை வளர்த்திருந்த முடியைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தானே கத்தரித்துக்கொள்கிறார். வசனம் இல்லை, இசை இல்லை, கத்தரிக்கோலின் சத்தம் மட்டும். ஒரே டேக். கெட்டுப்போனால் முடி திரும்ப வளரும்வரை எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

இயக்குநரை முதல் பிரதியில் வில்லனாக்கி, மேசையில் ஓங்கிக் குத்தவிட்டு, "வெளியே போ" என்று—

அழித்துவிட்டேன். மேசையில் குத்துகிற இயக்குநர்களை எழுதுவது சுலபம். இவர் அப்படி இல்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்துப் பேசினார்.

"அக்கா, நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். விக்கல் நிக்கலன்னா கம்பு பிடிக்க வேற ஒருத்தர வரச் சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"அடுத்த படத்துக்கு?"

"அதுக்கும் அவரே இருக்கட்டும்க்கா. அண்ணன் ரெஸ்ட் எடுக்கட்டுமே."

அந்த ரெஸ்ட் என்ற சொல்லில் எவ்வளவு மரியாதை இருந்ததோ அவ்வளவு பயம் காது அக்காவுக்கு வந்தது. வரப்போகிறவரை அவருக்குத் தெரியும். நல்ல மனுஷன், உறுதியான தோள். மூக்கில் மட்டும் மெல்லிசாக ஒரு விசில். ஹெட்ஃபோன் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு, கம்பு பிடிப்பவரின் மூச்சு எவ்வளவு அடக்கினாலும் காதின் ஒரு மூலையில் இருந்துகொண்டேதான் இருக்கும். இத்தனை வருஷம் அந்த மூலையில் புதரின் மூச்சு. அதே இடத்தில் இனி இன்னொருவர் விசிலடிக்கப் போகிறார்.

மறுநாள் காலை இருவரும் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

4

ஊசி போடுபவரை வெண்தாடி வைத்த, அதிகம் பேசாத பெரியவராக எழுதத் தொடங்கி, இரண்டாவது வாக்கியத்தில் எனக்கே கூசியது. நிஜத்தில் அவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண்மணி. எல்லோரும் ஊசி மேடம் என்பார்கள். வேலை நடுவே ஏதாவது ஒரு பாட்டை முணுமுணுப்பார். ஒவ்வோர் ஊசியைக் குத்தும்போதும் எண்ணை உரக்கச் சொல்வார். எடுக்கும்போது அதே எண்களைத் தலைகீழாகச் சொல்வார். எடுத்தது எஃகுத் தட்டில் டிங் என்று விழும். ஒன்றையும் மறக்காமல் இருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

இனி வருவது நான் திரைக்கு இப்பாலிருந்து கேட்டது.

"வலிக்குமா—ஹிக்—மேடம்?"

"கொசுக்கடி மாதிரி. கொசுவாவது ரத்தம் எடுத்துட்டுப் போகும். நான் அதுவும் எடுக்க மாட்டேன்."

"இதுல நின்னுடுமா?" இது பெண் குரல்.

"சிலருக்கு நிக்குது. சிலருக்கு நிக்கல. அதுவா நிக்கிற நேரத்துல என்கிட்ட வந்து மாட்டுற விக்கலும் உண்டு. அதுக்கும் பேரு எனக்குத்தான்."

எங்கெங்கே குத்தினார் என்று எனக்குத் தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டபடி, விக்கலுக்கு வழக்கமான இடங்களில் ஒன்று மணிக்கட்டின் உட்பக்கம், மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவில். (உங்கள் கையில் தொட்டுப் பாருங்கள், பள்ளம் தெரியும்.) இன்னொன்று முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. இன்னொன்று மேல் வயிற்றில். ஏன் அங்கே என்றால், உடம்பில் சக்தி ஓடும் பாதைகள் என்பது ஒரு விளக்கம். நரம்பு வழியாக மூளையின் அடித்தண்டுக்கு வேறொரு செய்தியை அனுப்பி, கீறல் விழுந்த இசைத்தட்டு மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிற அனிச்சையைத் தட்டிவிடுவது என்பது இன்னொரு விளக்கம். ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சின்னச் சின்னவை, அடித்துப் பேசப் போதாது என்கிறாள் தங்கை. நான் அடித்துப் பேசவில்லை. நின்றது என்று மட்டும் சொல்கிறேன்.

நின்றது இப்படித்தான். நேரம் முடிந்து, மேடம் ஊசிகளை எடுக்கத் தொடங்கினார்.

"ஆறு." டிங்.

"அஞ்சு." டிங்.

"நாலு." டிங்.

அந்த டிங்குக்குப் பிறகு வந்திருக்க வேண்டிய விக்கல் வரவில்லை. அதற்கு முந்தினதும் வந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கை எழுந்தது. மேடத்தின் பாட்டு பாதியில் நின்றது. என் எதிரே இருந்தவர் தண்ணீர் பாட்டிலின் மூடியை அரைத் திருகலில் பிடித்தபடி சிலையாக இருந்தார். மின்விசிறி மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. அரை நிமிஷம் இருக்கலாம். கை இறங்கியது.

"ரெண்டு," என்றார் மேடம். டிங். "ஒண்ணு." டிங். "மெதுவா எழுந்திரிங்க."

"இப்ப அசையலாங்களா?" என்று பாட்டில்காரர் சத்தமாகக் கேட்டார்.

"ஐயோ, மன்னிச்சுக்கங்க," என்றது திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் குரல். "பழக்கம். நாங்க ரெண்டு பேரும் சினிமாவுல சவுண்ட். எங்கயாவது நல்ல அமைதி கிடைச்சா கை தானா தூக்கிக்குது."*

இருவரும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். சாப்பாட்டு நேரத்துக்குள் படப்பிடிப்பு இடத்தில் இருக்க வேண்டுமாம்.

எண்களைக் கவனித்தீர்களா? நாங்கள் கவனிக்கவில்லை. என் முறை வந்து நான் உள்ளே போனபோது மேடம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு குறையுதே," என்றார். விரிப்பை உதறினார். கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தார். வெளியே இருந்தவர்கள் எல்லோரையும் காலைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். தம்பதிக்குப் போன் போட்டார், அணைத்து வைத்திருந்தார்கள். நான் கிளம்புகிறவரை அந்த ஊசி கிடைக்கவில்லை. என் தோளிலிருந்து எடுத்ததை மட்டும் இரண்டு தடவை எண்ணினார்.

1இல் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான்.

* அமைதி என்பது ஒரே சரக்கு அல்ல. சமையலறையின் அமைதி வேறு, மாடிப்படியின் அமைதி வேறு. அதனால் ஓர் இடத்தில் படப்பிடிப்பு முடிந்ததும், எல்லோரையும் அசையாமல் நிறுத்தி, அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிஷம் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு வசனங்களை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். ஒன்றும் வைக்காமல் விட்டால், பார்ப்பவர் ஒரு கணம் தன் காது அடைத்துவிட்டதோ என்று பதறுவார்.

5

ஆக, மூன்றாம் ஊசியை எங்கே வைப்பது?

விரிப்பின் மடிப்பில் வைக்கலாம். உண்மையில் அங்கேதான் இருந்திருக்கும். மாலையில் மேடம் கண்டெடுத்து, பெருமூச்சு விட்டு, கதை முடிந்து, நானும் தூங்கப் போகலாம்.

என் செருப்பில் வைக்கலாம். அப்போது கதாநாயகன் நானாகிவிடுவேன். தோள் வலிக்கு அவ்வளவு தகுதி கிடையாது.

அல்லது அவர் தலையில் வைக்கலாம்.

"தலையில ஊசியோட ஒரு ஆளு தெருவுல நடப்பாரா? தெரியாதா அவருக்கு?" என்று தங்கை சண்டைக்கு வந்தாள். முடியளவு மெல்லிசுதானே அந்த ஊசி, குத்தினதே மறந்துபோகும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். ஊசியை எடுக்க மறப்பது எங்கேயும் நடக்கக்கூடியதுதான் என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா மேடம் கண்ணுக்கே தெரியலன்னா தலையில முடி காடு மாதிரி இருக்கணும்."

அப்படித்தான் புதர் முளைத்தது.

விக்கலுக்கு உச்சந்தலையில் ஏன் ஊசி என்று அடுத்த கேள்வி வரும். மேடம் சொன்னதாக வைத்துக்கொள்வோம்: "இது விக்கலுக்கு இல்ல. நீங்க பட்ட பாட்டுக்கு. மனசு கொஞ்சம் அடங்கட்டும்." எண்ணி எண்ணி வேலை செய்கிற ஒருவரை எண்ணிக்கை தவறவைக்கக் கூடியது இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? அமைதியைக் கண்டதும் கையைத் தூக்குகிற ஒரு தம்பதிதான்.

6

அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கண்ணாடி மேசை, ஒரு நாற்காலி, ஜன்னலுக்கு வெளியே படப்பிடிப்பு விளக்குகள். புதரும் காது அக்காவும் வந்ததும் செய்த முதல் வேலை போன்களை அணைத்ததுதான். உண்மையில் காலையிலேயே அணைத்தது, இன்னும் திறக்கவில்லை. இரண்டாவது வேலை, சமையலறையில் ஃபிரிட்ஜை அணைத்தது. ஃபிரிட்ஜின் ரீங்காரம் மைக்குக்குப் பிடிக்காது. ஆனால் அணைத்ததை மறந்துவிட்டுப் போனால் வீட்டுக்காரரின் பால் கெட்டுவிடும். அதனால் காது அக்கா தங்கள் வேனின் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுவார். சாவி இல்லாமல் வேன் கிளம்பாது, சாவியை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாக வேண்டும், திறந்தால் இருட்டாக இருக்கும், ஞாபகம் வந்துவிடும். (மனிதர்கள் தங்கள் மறதிக்குக் கட்டுகிற பொறிகளைப் போல எனக்குப் பிடித்தது வேறு இல்லை.)

"நின்னுடுச்சா அண்ணே?" என்றார் இயக்குநர்.

"நின்னுடுச்சு."

"சத்தியமா?"

"நானே நம்பல. நீங்களும் நம்பாதீங்க. சீக்கிரம் எடுத்துடுங்க."

மாற்று ஆள் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிரித்து வணக்கம் சொன்னார். அறைக்கு அந்தப் பக்கம் இருந்த காது அக்காவுக்கு விசில் கேட்டது.

நடிகை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முடியை அவிழ்த்தார். கத்தரிக்கோல் வெட்டும்போது ஒவ்வோர் இழையும் வேறு மாதிரி கேட்கும், மைக் அவர் கையோடு போக வேண்டும், காதில் கேட்டுக்கொண்டே போனால்தான் முடியும். புதர் தனக்கான ஹெட்ஃபோனை எடுத்துத் தலையில் மாட்டினார். அதன் பட்டை உச்சந்தலையில் உட்கார்ந்தது.

"ஸ்ஸ்."

"என்னங்க?"

"தெரியல. ஏதோ குத்துது."

காது அக்கா பட்டையைத் தூக்கி, முடியை இரண்டு பக்கமும் விலக்கி, குனிந்து பார்த்தார்.

"என்னங்க, உங்க தலையில ஆணி அடிச்சிருக்கு."

"வெளையாடாத."

"வெளையாடல. அசையாதீங்க."

7

போனைத் திறந்ததும் மேடத்தின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. காது அக்கா கூப்பிட்டதும் மேடம் முதல் மணியிலேயே எடுத்தார்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம். இவர் தலையிலயே இருக்கு."

"அப்பாடா. காலையிலேர்ந்து வர்றவங்கள எல்லாம் காலைத் தூக்க வெச்சுட்டிருக்கேன். என் தப்புதான்மா. கையைச் சுத்தமா கழுவிட்டு, நேரா மேல இழுத்து எடுத்துடுங்க. ரத்தம் வந்தா பஞ்சை வெச்சு அழுத்துங்க. வராது."

"எடுத்தா விக்கல் திரும்ப வந்துடுமா?"

"அந்த ஊசிக்கும் விக்கலுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அது மனசு அடங்க வெச்சது."

"அப்ப வராது?"

"நான் அப்படிச் சொல்லலையே."

8

இங்கே இரண்டு நாள் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

காலையிலிருந்து ஒரு விக்கல்கூட இல்லை. காலையிலிருந்து தலையில் ஊசியும் இருந்திருக்கிறது. சம்பந்தம் இல்லை என்று மேடம் சொல்கிறார். ஆனால் விக்கல் உங்களுடையதாக இருந்து, சுவரோரம் உங்கள் இடத்துக்கு ஓர் ஆளும் காத்திருந்தால், சம்பந்தம் இல்லை என்பதை நீங்கள் சோதித்துப் பார்ப்பீர்களா?

"இருக்கட்டும்," என்றார் புதர். "டேக் முடியட்டும். கேமரா என் தலையவா எடுக்கப் போகுது?"

"இப்பவே எடுக்கச் சொன்னாங்க."

"ஒரு டேக்தான."

"ஊசி இருந்தா ஹெட்ஃபோன் போட முடியாது. எப்படிப் பிடிப்பீங்க?"

"நீ கேளு. கையால சொல்லு. நான் நகத்துறேன்."

(இப்படியே எழுதிப் பார்த்தேன். அவர் காதில்லாமல் கம்பைப் பிடிக்கிறார், அவர் மனைவி ஒவ்வொரு விரலாக அசைத்துச் சைகை காட்டுகிறார். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் சைகை போய்ச் சேருவதற்குள் கத்தரிக்கோல் அடுத்த இழைக்குப் போய்விடுகிறது. அழகுக்காகப் பொய் சொல்ல மனம் வரவில்லை.)

புதர் நடிகையைப் பார்த்தார். அவர் கத்தரிக்கோலை விரலில் மாட்டி, காற்றில் ஒரு தடவை வெட்டிப் பார்த்தார். சின்னச் சத்தம். ஹெட்ஃபோன் இல்லாத புதருக்கு அது கேட்கவேயில்லை.

"எடுத்துடு," என்றார்.

"நிஜமாவா?"

"விக்கல் வந்தா ஒரு இடத்துல கெடும். கேக்காமப் பிடிச்சா முழுசும் கெடும். அதுக்கு அவரே பிடிக்கட்டும், விசிலோட."

காது அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து நேராக மேலே இழுத்தார். புதரின் தலை அசையவில்லை. ரத்தம் வரவில்லை. ஊசியை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜுக்குள் வேன் சாவியின் பக்கத்தில் வைத்தார், திருப்பிக் கொடுக்க மறக்கக் கூடாது என்று.

"இப்ப உங்கள யாரும் நினைக்கலையே?" என்றார்.

"உன்னைக் கேக்கணும்."

"நான் வேலையில இருக்கும்போது உங்கள நினைக்கிறதில்ல. கேக்குறதோட சரி."

புதர் ஹெட்ஃபோனை மாட்டினார். கம்பைத் தூக்கினார்.

9

முடிவுகளாக நான் செய்து பார்த்தவை:

நடிகைக்கு விக்கல் வருகிறது. (சிரித்தேன். அழித்தேன்.)

புதருக்கு விக்கல் வருகிறது, சரியாகக் கத்தரிக்கோல் மூடும் கணத்தில், இரண்டு சத்தமும் ஒன்றாகி இயக்குநருக்கு மிகவும் பிடித்துவிடுகிறது. (இந்த மாதிரிக் கெட்டிக்காரத்தனத்துக்கு என்னைத்தான் உதைக்க வேண்டும்.)

விக்கல் வருகிறது. மாற்று ஆள் எழுந்திருக்கிறார். (இரண்டு பத்தி எழுதினேன். காது அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு—

இல்லை. என்னால் முடியவில்லை.)

விக்கல் வரவில்லை. முடி விழுகிறது, படம் முடிகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். ("அண்ணா, உனக்கு அவங்கள ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அதனால இப்படி எழுதுற," என்றாள் தங்கை. உண்மை.)

10

இவ்வளவு விளக்கியும் ஒரு விஷயத்தை விளக்காமல் விட்டிருக்கிறேன். காது அக்கா கேட்ட கேள்வி அது. இத்தனை நாள் விடாமல் அவரை நினைத்தது யார்?

நான்தான். வேறு யார் இருக்கிறார்கள்? அந்தக் காலணிகளைப் பார்த்த நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பல் விளக்கும்போதுகூட அவர்தான். ஒவ்வொரு வரியை எழுதி ஒவ்வொரு வரியை அடிக்கும்போதும் அங்கே ஒரு தசை சொடுக்கி ஒரு கதவு சாத்திக்கொண்டிருந்தது. இப்போது போதாக்குறைக்கு நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

உதரவிதானத்தைக் கிண்ணம் மாதிரி கவிழ்த்துக் காட்டியவன் இதை நம்பலாமா என்று கேட்பீர்கள். நம்பவில்லை. சம்பந்தமே இல்லை. ஆனால் ஒரே டேக், அந்த முடி திரும்ப வளர வருஷங்கள் ஆகும், சுவரோரம் ஒருவர் மூக்கில் விசிலோடு உட்கார்ந்திருக்கிறார். சம்பந்தம் இல்லை என்பதை நான் சோதித்துப் பார்க்கத் தயாராக இல்லை.

அதனால் அந்த அறைக்குள் இனி நான் எட்டிப் பார்க்க மாட்டேன். நீங்களும் பார்க்க வேண்டாம். அவர் முடியை, காலணியை, மூச்சை, எதையும் நினைக்காதீர்கள். அவர் மூச்சைக் கேட்க அங்கே ஆள் இருக்கிறது.

கதையின் முடிவு இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதை ஒன்றும் வைக்காமல் விட முடியாது என்று சொல்லியிருக்கிறேன். என் அறையின் அமைதியும் உங்களுக்குப் பொருந்தாது. ஆகவே பக்கத்தை மூடிவிட்டு, அரை நிமிஷம், இருந்த இடத்தில் அப்படியே இருங்கள். மின்விசிறி, தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டுக் குழாய், என்ன இருக்கிறதோ அதைக் கேளுங்கள். அதுதான் முடிவு.

நடிகை முதல் பிடி முடியைக் கையில் எடுத்துவிட்டார். நான் எழுதுவதை நிறுத்துகிறேன்.

கையைத் தூக்குகிறேன்.